ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

ஜூன் 3, திங்கள்

இன்று காதிலிருந்த பஞ்சை எடுத்தார்கள். டாக்டர் ஹேமலதா மெல்லிய இடுக்கியால் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முழமாவது இருக்கும். கடைசித் துணுக்கு வெளியே வந்ததும் அறைக்குள் யாரோ தகர டப்பாவைக் கீழே போட்டதுபோல் ஒரு சத்தம். டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் வலது காதுக்குள் அரிசிமுனை அளவு எலும்பு ஒன்று பதினோரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிட்டதாம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பியை மாட்டியிருக்கிறார்கள். இது சரியாக வந்தால் அடுத்த வருடம் இடது காது.

“ஆறு வாரம் வீட்லயே இருங்க சார். கனம் தூக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது. உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கலாம். போகப்போகக் குறையணும். குறையலைன்னா கம்பி சரியா உட்காரலைன்னு அர்த்தம். தினமும் என்ன கேட்குதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க” என்றார்.

ஆகவே இந்த நோட்டு. பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு, ஆவாரம்பாளையம். பம்புசெட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஆட்டோவில் வரும்போது நாகமணி என் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயை அகலத் திறந்து, “கேக்குதுங்களா?” என்றாள். பதினோரு வருடமாக என்னிடம் பேச அவள் பழகிக்கொண்ட விதம் அது.

“தகரத்துல தட்டற மாதிரி கேக்குது” என்றேன்.

தலையசைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. அதற்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதை மறந்திருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

நாக்கின் வலது பாதியில் காபி இரும்புபோல் இருக்கிறது. இது போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜூன் 6, வியாழன்

காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாள் பக்கம் திரும்பும்போது சருகில் யாரோ நடப்பதுபோல் இருக்கிறது. ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் முனகுகிறது. என் சட்டை என் தோள்மேல் உரசுகிறது. ஒரு மனிதன் சட்டை போட்டுக்கொண்டு கை அசைத்தால் இவ்வளவு கலவரமா?

மூலையில் வேட்டியால் மூடிக்கிடந்த செட் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் நானே பாகங்கள் வாங்கிக் கோத்த ஆம்ப்ளிஃபயர், அதோடு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒரு கேசட் டெக். ஒன்பது வருடமாக அதைத் தொடவில்லை. நான் தூக்கக்கூடாது என்பதால் நாகமணியே ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். “இரும்புக் குண்டாட்டம் இருக்குது” என்று அந்தப் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள்.

அது எனக்குக் கேட்டது.

ஸ்விட்சைப் போட்டேன். பெட்டிக்குள் சின்ன விளக்கு எரிந்தது. பாட்டு போடுவதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து ஒரு ம்ம்ம்ம். பூட்டிய வீட்டுக்குள் யாரோ வாய் மூடிச் சுருதி பிடிப்பதுபோல் ஒரே நிலையில் நின்றது.

ஜூன் 8, சனி

அந்த ம்ம்ம் செட்டில் இருக்கிறதா, என் காதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. செட்டை அணைத்தால் குறைகிறது. ஆனால் முழுதாகப் போவதில்லை. வாலின் நுனிபோல் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது.

நாகமணியை இங்கே வந்து கேட்டுப் பார் என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கவில்லை. அவளுக்குச் சமையல் வேலை இருந்தது.

அதற்குப் பதிலாக மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன். மின்சாரம் நன்றாக இல்லாவிட்டாலும் செட் இரையும். எங்கள் வீட்டைச் சுற்றி லேத் பட்டறைகள், பின்தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை. எல்லோருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். காலை எட்டு மணிக்கு 229 வோல்ட். ஒன்பதரைக்குப் பட்டறைகள் ஓடத் தொடங்கியதும் 204. வெல்டிங் வைக்கும்போதெல்லாம் முள் தலைவணங்கி எழுந்தது, ஸ்பீக்கரில் கிர்ர் என்றது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று பட்டறைகள் விடுமுறை. 237 வோல்ட், அசையாமல் நின்றது.

மத்தியானம் ஒரு வயலின் கேசட் போட்டேன். எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை போட்டபோது அந்த வயலின் கலங்கிய தண்ணீரில் தெரிகிற பாதம்போல் இருந்தது. இன்று தண்ணீர் தெளிந்துவிட்டது. வில் கம்பியைத் தொடும் முன் வாசிக்கிறவர் மூச்சிழுப்பது கேட்டது. வெளியே சாரல். ஜன்னல் கம்பியில் துளிகள் கோத்து நின்றன, ஒவ்வொன்றும் தன் நேரம் வந்ததும் விழுந்தது. கண்ணை மூடினால் நாற்காலி மெல்ல நகர்ந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கூடவே அந்த ம்ம்ம், வாரநாளைவிடச் சின்னதாக, பாட்டுக்குக் கீழே கம்பளம் விரித்ததுபோல்.

பாட்டு நின்றபோது சமையலறையில் பேச்சுக் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். யாருமில்லை. நாகமணி எனக்கு முதுகு காட்டிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ ஒருத்தி சொத்தை. உங்கூட வந்தவளும் சொத்தை. நல்லாப் பாத்து வாங்கிட்டு வர்றேன் பாரு நான்” என்று கத்தரிக்காயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவள் தனக்குத்தானே பேசுவாள் என்பது எனக்குத் தெரியாது.

ஜூன் 12, புதன்

9.30 – 203. 10.15 – 199. 11.40 – 201. 1.10 (சாப்பாட்டு நேரம்) – 224.

பதினொன்றே முக்காலுக்கு நாகமணி தன் தங்கை சுகந்தியோடு ஃபோனில் பேசினாள். சுகந்தி மைசூரில் பெண்கள் விடுதி நடத்துகிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாகமணி வழக்கம்போல் என்னெதிரிலேயே பேசினாள். “மொதல்ல அவருக்குக் காது சரியாகட்டும்” என்றாள்.

அக்கறைதான்.

ஜூன் 13, வியாழன்

“இன்னைக்கு எப்பிடி இருக்குதுங்க?” என்று முகத்துக்கு நேராக வந்து கேட்டாள். “அதே தகரம்தான்” என்றேன்.

ஜூன் 15, சனி

ஒரு வாரமாக நான் கேட்டவை. பால்காரர் தம் வண்டியிடம் கெஞ்சுவது. எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு இருமல். தண்ணீர் கொதிப்பதற்கு முன் பாத்திரம் ஒரு மாதிரி பாடுகிறது. கொதித்த பிறகு பாடுவதில்லை.

நாகமணி சொன்னவை: குக்கரிடம், “சும்மா கத்தாதே, வர்றேன்.” துவைத்த என் சட்டையிடம், “காலரைப் பாரு, மனுசன் கழுத்தா இது?” காலண்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிரைண்டரிடம், “கடிக்காதே சனியனே.”

கிரைண்டர் எப்படிக் கடிக்கும்? செல்லமாகச் சொல்கிறாள்போல.

ஜூன் 18, செவ்வாய்

மத்தியானம் படுத்திருந்தேன். செட் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு போடவில்லை. பாதித் தூக்கத்தில் அந்த ம்ம்ம் ஒரு ஆறாக மாறிவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கிறேன். அக்கரையில் நாகமணி துணி அலசியபடி ஏதோ சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அவள் மறுபடி சொல்கிறாள். நான் மறுபடி தலையாட்டுகிறேன். அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஏறிப்போய்விட்டாள்.

எழுந்தபோது வேர்த்திருந்தது. செட்டை அணைத்தேன். வால் நுனி மட்டும் மிச்சம்.

புதன்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். டாக்டர் என்ன கேட்டதோ எழுதச் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். நாகமணி ஃபோனில் சொன்னது முழுவதும் இது: “மொதல்ல அவருக்குக் காது சரியாகட்டும் சுகந்தி. அது ஆயிருச்சுன்னா எனக்கு இங்க வேலை இல்ல. கெளம்பி வந்தர்றேன்.”

இந்தப் பக்கத்தை டாக்டரிடம் கொடுக்கும்போது கிழித்துவிட வேண்டும்.

ஜூன் 19, புதன்

“எப்பிடி இருக்குதுங்க?”

“தகரம்தான். உள்ள இரைச்சலும் இருக்குது. இன்னும் நாளாகும்போல.”

ஜூன் 22, சனி

இன்று ஒன்று புரிந்தது. ம்ம்ம் எல்லா நேரமும் ஒரே அளவில் இல்லை. பத்து மணிக்குத் திடீரென்று இரண்டு மடங்காகியது. மீட்டரைப் பார்த்தால் 205, வழக்கமான அளவு. வெல்டிங்கும் இல்லை. சமையலறையில் நாகமணி மாவாட்டிக்கொண்டிருந்தாள். பத்தே முக்காலுக்கு ஆட்டி முடித்துப் பிளக்கைப் பிடுங்கினாள். ம்ம்ம் பாதியாக இறங்கியது.

கிரைண்டரோடு கூடிக் குறைகிறது என்றால் அது என் காதுக்குள் இருக்க முடியாது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். சமையலறை வாசலில் அவளைப் பார்த்தேன். வீட்டுக்குள் செருப்புப் போடாதவள், ரப்பர் செருப்பு போட்டு, காலடியில் ஒரு மரப்பலகையும் வைத்து, அதன்மேல் நின்று மாவு வழித்துக்கொண்டிருந்தாள். பலகை நடுவில் தேய்ந்திருந்தது. இந்தப் பலகையை எத்தனை நாளாகப் பார்க்கிறேன்? பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரை. கால் கழுவிவிட்டு வந்தேன். ஸ்பீக்கர் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது, கிரைண்டர் ஓடுகிறது என்று தெரிந்தது. சமையலறைக்குப் போனேன். நாகமணி அங்கே இல்லை, பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் ஸ்பீக்கர் என்ன செய்கிறது என்று பார்க்க நினைத்தேன். பிளக் கிரைண்டருக்குப் பின்னால் இருந்தது. எட்டுவதற்கு ஒரு கையை அதன் எவர்சில்வர் உடம்பின்மேல் ஊன்ற வேண்டும். ஊன்றப் போனேன்.

எனக்குப் பின்னால், மெல்ல, யாருக்கும் கேட்கவேண்டும் என்ற நினைப்பே இல்லாத குரலில், நாகமணி சொன்னாள்:

“ஈரக்காலோட தொடாதீங்க.”

கையை இழுத்துக்கொண்டேன்.

கல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் திரும்பவில்லை. அவளும் அசையவில்லை. அவள் கையிலிருந்த வாளியின் கைப்பிடி கிளிங் என்று ஒரு பக்கம் சாய்ந்தது கேட்டது.

“கேட்டுச்சுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம்.

“கேட்டுச்சு.”

“எப்பருந்து?”

“வந்த வாரத்துலருந்தே.”

வாளியைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தாள். உளுந்து பாதியில் நின்றது. என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 27, வியாழன்

டாக்டருக்கு: காது நன்றாகக் கேட்கிறது. வீட்டில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் கத்தரிக்காயிடம்கூடப் பேசவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தபோது நாகமணி பேசினாள். வாயை அகலத் திறக்கவில்லை, தட்டைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில்.

“மூணு வாரமா ஒட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கறீங்க.”

“ஒட்டுக் கேக்கல. நீ பேசினது காதுல விழுந்துச்சு.”

“விழுந்துச்சுன்னு சொல்லலாமில்ல? தகரம் தகரம்னு எதுக்குச் சொன்னீங்க?”

பதில் என்னிடம் இருந்தது. பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் இருந்தது. “காது சரியாயிருச்சுன்னா நீ போயிருவேன்னு” என்றேன்.

அவள் கை தட்டில் நின்றது. பிறகு ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“அந்தக் கிரைண்டர் எப்பருந்து அப்பிடி இருக்குது?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமா.”

“சொல்லலையே நீ.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “சொன்னேனுங்க. நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சரி சரின்னு தலையாட்டுனீங்க. அஞ்சாவது தடவைக்குப் பதிலா செருப்பு வாங்கிட்டேன்.”

காது கேட்காதவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. எதிராளி வாய் அசைந்து நின்றதும் தலையாட்டிவிடுவோம். மறுபடி மறுபடி ‘என்ன, என்ன’ என்று கேட்க வெட்கம். பெரும்பாலும் தப்பிவிடலாம்.

ஜூன் 29, சனி

எலெக்ட்ரீஷியன் ரஃபீக்கை வரச்சொன்னேன். பக்கத்துத் தெரு. நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பானவர். கிரைண்டர் உடம்பிலிருந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். 86 வோல்ட். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தார், 86. என் ஆம்ப்ளிஃபயரின் தகரப் பெட்டியில் வைத்தார், அங்கேயும் 86.

“அண்ணா, ஊட்டுக்கு எர்த்தே இல்லீங்ண்ணா” என்றார். “கிரைண்டருக்குள்ள ஈரம் எறங்கிக் கரண்ட் கசியுது. அது மண்ணுக்குப் போயிருக்கோணும். போறதுக்கு வழியில்லாம எர்த் ஒயர் புடிச்சு ஊடு பூரா சுத்துது. உங்க செட்டு கத்தறது அதனாலதான்.”

எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனோம். சுவரோரம் இறங்கிய கம்பி, டைல்ஸுக்கு ஒரு விரல் மேலே துண்டாக நின்றது. அது போய்ச் சேரவேண்டிய எர்த் குழி டைல்ஸுக்கு அடியில் எங்கோ.

“டைல்ஸ் ஒட்டுனப்ப அறுத்துட்டாங்க. யாருங்ண்ணா மேல்பார்வை பாத்தது?”

நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவு சரியாக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து வேலை வாங்கினேன்.

ரஃபீக் நாகமணியைப் பார்த்தார். “ஏனுங்க்கா, ரெண்டு வருசமா இதுல கை வெச்சா மாவாட்டுனீங்க? ஒரு நாள் செருப்பு இல்லாம ஈரத்துல நின்னிருந்தீங்கன்னா...”

“தெரியுமுங்க” என்றாள். “கொத்தனார் கம்பிய அறுத்தன்னைக்கே சொன்னேன்.”

என்னைப் பார்க்கவில்லை. ரஃபீக் என்னைப் பார்த்துவிட்டுத் தன் டெஸ்டரைத் துடைக்கத் தொடங்கினார்.

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். திங்கட்கிழமை வருகிறார்.

ஜூலை 1, திங்கள்

டைல்ஸை உடைத்தார்கள். மட்டம் பார்த்து ஒட்டிய டைல்ஸ் எட்டு. ரஃபீக்கும் ஒரு ஆளும் ஆள் உயரத்துக்குப் புது எர்த் குழி தோண்டினார்கள். நான் கனம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. தண்ணீர்க் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டியது நாகமணி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கரி.

“தண்ணி விடுங்க” என்றாள், என் பக்கம் திரும்பாமல். விட்டேன். “போதும்.” நிறுத்தினேன். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. நாள் முழுக்க நடந்துவந்த ஆள் சொம்பை வாய்க்கு வைத்ததுபோல்.

நாலு மணிக்கு ரஃபீக் ஃப்ரிட்ஜில் மீட்டரை வைத்தார். 1.3 வோல்ட். இனிமேல் கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்ச் ஒன்றையும் மெயின் போர்டில் மாட்டிவிட்டுப் போனார்.

செட்டைப் போடவில்லை. களைப்பாக இருந்தது.

ஜூலை 3, புதன்

செட்டைப் போட்டேன். விளக்கு எரிந்தது. வேறொன்றும் இல்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். அந்த வால் நுனி மட்டும் இருந்தது.

இந்த முறை நாகமணியைக் கூப்பிட்டேன். “இதுல ஏதாச்சும் கேக்குதா பாரு.”

முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்பீக்கர் துணியில் காது படும்படி குனிந்து, கண்ணை மூடி, நன்றாகவே கேட்டாள். அவள் நெற்றியோரத்தில் நரை இவ்வளவு கூடியிருக்கிறது.

“ஒண்ணுமே இல்லீங்க.”

“எனக்குக் கொஞ்சம் கேக்குது.”

“அப்ப அது உங்களுக்குள்ள” என்றாள். பிறகு, “நெறையவா?”

“இல்ல. கொஞ்சமாத்தான்.”

“டாக்டர்கிட்டச் சொல்லுங்க” என்று எழுந்து போனாள். வாசல் தாண்டும்போது, முதுகு காட்டியபடியே, “மறைக்காம” என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

238 வோல்ட். காற்றும் சாரலும். வெளிச்சம் பகல் முழுக்க விடியற்காலைபோலவே இருந்தது.

அந்த வயலினை மறுபடி போட்டேன். கம்பளமும் இல்லை இன்று. ஒலிக்கும் ஒலிக்கும் நடுவில் வெறும் வெளி, அதில் சாரல் மட்டும். நாகமணி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள், கையில் கொத்தமல்லிக் கட்டு. அவள் கிள்ளுகிற சத்தமும் வாசிப்போடு சேர்ந்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மழைக்குள் உட்கார்ந்து மிதந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அப்போது அவள், கொத்தமல்லியைப் பார்த்துக்கொண்டே, “எங்கம்மாவுக்கு முடியாமப் போனப்ப...” என்றாள்.

செட்டை அணைத்தேன்.

“எதுக்கு நிறுத்துனீங்க? ஓடட்டும். நான் சும்மா...”

“சொல்லு.”

இன்னும் சில தண்டு கிள்ளினாள். பிறகு சொன்னாள். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவள் அண்ணன் ஃபோன் செய்திருக்கிறார், அம்மா பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று. அவள் ஓடிவந்து என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேனாம்.

“கண்ணாடியப் பாத்துட்டே சரி சரின்னீங்க. டிஃபன் பாக்ஸ எடுத்துட்டு ஆபீஸ் போயிட்டீங்க. நான் தனியா பஸ் ஏறுனேன். பெருந்துறை தாண்டறப்ப அண்ணன் மறுபடி கூப்பிட்டாரு. முடிஞ்சிருச்சுன்னு.”

எனக்கு நினைவிருக்கிறது. மாலையில் வீடு பூட்டிக்கிடந்தது. மேசைமேல் அவள் எழுதி வைத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துத்தான் கிளம்பிப் போனேன். நான் ஆபீஸ் போன பிறகுதான் ஃபோன் வந்திருக்கும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். காலையிலேயே என்னிடம் சொன்னாள் என்று தெரியாது.

“எழுதிக் காட்டியிருக்கலாமில்ல” என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. “அன்னைக்கு எழுதற நெலமையில நான் இல்லீங்க” என்றாள். “அதுக்கப்புறம் மனசுல இருக்கற எதையும் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன். வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. அதனால சட்டிபானைகிட்டப் பேசிட்டிருந்தேன்.”

“மன்னிச்சிரு நாகமணி.”

“உங்களுக்குக் கேக்கலைங்கறது உங்க தப்பில்ல. கேக்கலைன்னு சொல்லாம விட்டதுதான்.”

வேறு என்னவெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன். எல்லாம் ஞாபகமில்லை என்றாள். ஞாபகமிருந்ததைச் சொன்னாள். சாரல் நின்று, திரும்ப வந்து, திரும்ப நின்றது. நான் ஒரு இடத்திலும் தலையாட்டவில்லை. விளங்காத இடத்தில் “என்ன?” என்று கேட்டேன். பதினான்கு தடவை கேட்டிருப்பேன்.

ஜூலை 9, செவ்வாய்

கிரைண்டர் திரும்பி வந்தது. நாகமணி வெறுங்காலோடு நின்று மாவாட்டினாள். முதலில் அதன்மேல் ஒரு விரல், பிறகு உள்ளங்கை.

ஜூலை 11, வியாழன்

“மைசூருக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன்” என்றாள்.

“தெரியும்.”

“தெரியும்னு தெரியும்.” கொஞ்சம் சிரித்தாள். “சுகந்திகிட்டச் சொன்னது நெசந்தான். அவ விடுதியில அறுபது புள்ளைங்களுக்குச் சமையல்கட்டுப் பாத்துக்க ஆள் வேணும். நாஞ்சொன்னா கேக்கறதுக்கு நாலு பேரு இருப்பாங்க. எனக்கு அது வேணும்னு இருக்குதுங்க.”

இப்போது நானும் கேட்கிறேனே என்று சொல்ல வாய் வந்தது. கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். சொல்லவில்லை.

“எப்பப் போறே?”

“டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க. பதினெட்டாம் தேதி.”

ஜூலை 15, திங்கள்

டாக்டர் ஹேமலதா கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சின்னச் சின்ன ஒலிகளாக விட்டுப் பார்த்தார். கோடு நன்றாக மேலே ஏறியிருக்கிறதாம். மிச்சமிருக்கிற ரீங்காரம் கம்பியினால் இல்லை, சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், பழகிவிடும் என்றார்.

“நோட்டு கொண்டு வந்தீங்களா சார்?”

“கொண்டு வரலைங்க டாக்டர். வீட்டு விஷயமெல்லாம் எழுதிட்டேன்.”

அவர் சிரித்தார். வெளியே பெஞ்சில் இருந்த நாகமணி, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், தங்கிவிடும் என்பதையும்.

ஜூலை 18, வியாழன்

காந்திபுரத்தில் ஏழே கால் பஸ். இரண்டு பை, ஒரு சூட்கேஸ். தூக்குவதற்கு எனக்கு இப்போது அனுமதி உண்டு, நானே ஏற்றினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. பஸ் உறுமிக்கொண்டு நின்றபோது ஜன்னல் வழியே என்னென்னவோ சொன்னாள். ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது, மூன்று நாளைக்கு வரும். இடது பக்கம் படுத்துத் தூங்குங்கள். சனிக்கிழமை பால் கணக்கு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். 8.40க்கு 226. செட்டைப் போடத் தோன்றவில்லை. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் சத்தியமங்கலம் தாண்டி மலையேறத் தொடங்குவாள். அங்கே மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும், பஸ் அதற்குள் புகுந்து புகுந்து போகும்.

மூன்று மாதத்தில் வருவாள்.

இல்லை. அப்படி அவள் சொல்லவில்லை. பஸ் நகரும்போது, “தீபாவளிக்கு வந்துருவியா?” என்று நான்தான் கேட்டேன். “பாக்கலாமுங்க” என்றாள். அவ்வளவு இரைச்சலிலும், சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

நன்றாகக் கேட்டது.